பதினேழாம் இதழின் மூன்றாம் பக்கம்

ஸ்டென்சில் தாளில் தட்டச்சு செய்யும்போது மை நாடாவை விலக்கிவிட வேண்டும். எழுத்து நேராகப் போய் மெழுகைக் கீறும். அடித்தது சரியா தப்பா என்று அப்போதே தெரியாது; தாளை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால்தான் தெரியும். தவறு இருந்தால் சிவப்பாக ஒரு திரவம் உண்டு, நகப்பூச்சு வாசனை அடிக்கும். அதைத் தடவிக் காயவிட்டு அதன் மேலேயே மறுபடி அடிக்கலாம். முப்பத்தொரு இதழும் இப்படித்தான் வந்தன. உங்கள் முதல் கேள்விக்கு இதுதான் விடை.

நூலகர் அம்மா, நீங்கள் அனுப்பிய பதினொரு கேள்விகளில் பத்துக்கு விடைகளைத் தனித்தாளில் வைத்திருக்கிறேன். ஏழாவதற்கு மட்டும் இந்தக் கடிதம். "பதினேழாம் இதழில் வந்த பொய் எது? பதினெட்டாம் இதழில் அதற்கான விடை இல்லையே, ஏன்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நாற்பத்திரண்டு வருடத்தில் இதை யாரும் கேட்டதில்லை. பழைய இதழ்களை இரண்டு பைகளில் சுமந்துவந்து உங்களிடம் ஒப்படைத்தவள் என் வீட்டுக்காரி. இந்தக் கேள்வியை உங்கள் காதில் போட்டவளும் அவளாகத்தான் இருக்க வேண்டும். அதில் எனக்கு வருத்தம் இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்லாமல் விடுவது என் வழக்கமும் இல்லை.

அந்த விளையாட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் 'அப்பால்' விஞ்ஞானக் கதைப் பித்துப் பிடித்தவர்கள் நடத்திய இதழ். இரண்டு மாதத்துக்கு ஒன்று. நான் தட்டச்சுப் பயிற்சி நிலையம் வைத்திருந்தேன். முன்னறையில் எட்டு இயந்திரங்கள், பின்னறையில் கையால் சுற்றும் நகலெடுக்கும் இயந்திரம். அந்தப் பின்னறைதான் எங்கள் அலுவலகம். ஒவ்வொரு இதழிலும் எங்காவது ஒரு பொய்யை ஒளித்துவைப்பேன். செய்தியில் இருக்கலாம், வாசகர் கடிதத்தில் இருக்கலாம், விளம்பரத்தில்கூட இருக்கலாம். அது எது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். வாசகர்கள் கண்டுபிடித்து எழுத வேண்டும். அடுத்த இதழில் விடை வரும், முதலில் கண்டுபிடித்தவர் பெயர் அட்டையில் வரும். ஒன்பதாம் இதழில், இந்தத் தாள் கடற்பாசியில் செய்தது என்று ஒரு வரி போட்டேன். ஒரு வாசகர் ஓரத்தைக் கிழித்து மென்று பார்த்துவிட்டு, உப்புக் கரிக்கவில்லை, ஆகவே இதுதான் பொய் என்று எழுதினார். அப்படிப்பட்டவர்கள் எங்கள் ஆட்கள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுவார்கள்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. யாருடைய முகவரியையும் அச்சிட மாட்டோம். எழுதுகிறவர்களுக்கும் வாசகர்களுக்கும் புனைபெயரோ பட்டப்பெயரோ மட்டும்தான். யாருக்கு யார் எழுதினாலும் என் தபால் பெட்டிக்கு வரும், நான் பிரித்து அனுப்புவேன். முகவரி நோட்டு என் மேசை இழுப்பறையில், பூட்டுக்குள். வேற்றுக் கிரகவாசிகள் போலப் பேசிக்கொள்வதில் எல்லோருக்கும் ஒரு குஷி. சொந்தப் பெயரும் தெருவும் தெரிந்துவிட்டால் அந்தக் குஷி போய்விடும் என்று வாத்தியார்தான் இந்த ஏற்பாட்டைச் சொன்னார். அவர் பௌதிக ஆசிரியர். நானும் அவரும் மருந்துக்கடைக்காரரும் சேர்ந்து தொடங்கிய இதழ் இது.

இனி நிலாவாசியைப் பற்றி. அவர் பெயரைக் கேட்டுத்தான் நீங்கள் இந்த வரலாற்றையே எழுத ஆரம்பித்தீர்கள் என்று ஊகிக்கிறேன். எல்லோரும் அப்படித்தான்.

அவர் மலை உச்சியில் ஒரு வானிலைப் பதிவு நிலையத்தில் தனியாக வேலை பார்த்தார். மழைமானியைப் பார்ப்பது, காற்றின் வேகத்தைக் குறிப்பது, ஒரு நாளைக்கு நான்கு முறை. பெண்டாட்டி பிள்ளை இல்லை. மாதம் ஒரு முறை அலுவலக ஜீப் சாமான் கொண்டுவரும். வாரம் ஒரு முறை தபால்காரர் நடந்து ஏறுவார். மழை நாட்களில் மண் சரிந்து ஜீப் போகாது, தபால்காரர் மட்டும்தான். அங்கே உட்கார்ந்துகொண்டு அவர் 'ஒன்பதாம் நிலையம்' என்ற தொடர்கதையை எழுதினார். நிலாவில் ஒரு நிலையத்தில் தனியாக இருக்கும் ஒருவன், அடுத்த சாமான் கப்பலுக்காகக் காத்திருக்கிறான். அவ்வளவுதான் கதை. பதினான்கு இதழ்களாக அவன் காத்திருந்தான், நூற்று நாற்பது வாசகர்களும் அவனோடு சேர்ந்து காத்திருந்தார்கள்.

நன்றாக எழுதினார். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நானும் எழுதினேன். பதினாறு இதழ்களில் என் கதைகள் ஒன்பது வந்தன. அந்த ஒன்பதுக்கும் சேர்த்து வந்த கடிதம் ஒன்று, பக்கம் எட்டு மங்கலாக இருக்கிறது, படிக்க முடியவில்லை, வேறு பிரதி அனுப்பவும் என்று. அனுப்பினேன். பிறகு அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. நிலாவாசிக்கு வரும் கடிதங்களைக் கட்டுக் கட்டாகப் பிரித்து, உறையில் போட்டு, முகவரி எழுதி மலைக்கு அனுப்புவது நான்தான். எனக்குப் பொறாமையாக இருந்தது. இதைச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. தபால் பிரிக்கிற எவருக்கும் இருக்கும்.

அவருக்கு இதயத்தில் கோளாறு. தினம் ஒரு மாத்திரை. அலுவலகத்துக்குத் தெரிந்தால் மலையிலிருந்து இறக்கி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று மறைத்து வைத்திருந்தார். எனக்கு மட்டும் எழுதினார், நான் மருந்துக்கடைக்காரரிடம் சொன்னேன். அதிலிருந்து ஒவ்வொரு இதழ் கட்டும் ஞாயிற்றுக்கிழமையும் மருந்துக்கடைக்காரர் அறுபது மாத்திரை கொண்ட பொட்டலத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வருவார். நிலாவாசிக்குப் போகும் இதழோடு அதையும் சேர்த்து நான் தபாலில் போடுவேன். இரண்டரை வருடம் ஒரு முறைகூடத் தவறவில்லை. இதை உங்கள் வரலாற்றில் குறிப்பிட்டால் நன்றாக இருக்கும்.

பதினாறாம் இதழுக்குப் பிறகு ஒரு கடிதம் வந்தது. தொடரின் கடைசி அத்தியாயத்தை இத்துடன் அனுப்புகிறேன், கப்பல் வந்து அவனை ஏற்றிக்கொண்டு போகிறது, இனி எழுதப்போவதில்லை, களைப்பாக இருக்கிறது என்று எழுதியிருந்தார். அந்த இதழுக்கு வந்திருந்த வாசகர் கடிதங்களையும் அன்று எண்ணிப் பார்த்தேன். முப்பத்திரண்டு. அதில் முப்பது அவர் தொடரைப் பற்றியது. மீதி இரண்டும் தபாலில் இதழ் நனைந்து வந்ததைப் பற்றியது. தொடர் முடிந்தால் இதழும் முடிந்தது என்று அர்த்தம். வாத்தியாருக்கு அதில் பெரிய துக்கம் இருந்திருக்காது, அவருக்கு வேறு வேலைகள் இருந்தன. எனக்கு அந்தப் பின்னறையைத் தவிர வேறு என்ன இருந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

அந்தச் சமயத்தில் பதினேழாம் இதழுக்குப் பொய் ஒன்று வேண்டியிருந்தது. காலையில் மாணவர்கள் வருவதற்கு முன், முன்னறையில் உட்கார்ந்து நாடாவை விலக்கிவிட்டு அடித்தேன். நிலாவாசி காலமானார். பக்கம் மூன்று. அவர் காலை ஏழு மணிக்கு மழை அளவைக் குறித்துவிட்டு, மேசையில் உட்கார்ந்து, பேனா மூடியைக் கழற்றிவைத்து, கடைசி அத்தியாயத்தின் முதல் வரியை எழுதத் தொடங்கி, அப்படியே சாய்ந்துவிட்டார் என்று எழுதினேன். அந்த முதல் வரி பாதியில் நிற்கிறது என்றும் எழுதினேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். சிவப்புத் திரவத்துக்கு வேலையே இல்லை. ஒரு பக்கம் முழுக்க ஒரு தவறும் இல்லாமல் நான் அடித்தது அதுதான் முதல் தடவை.

விளையாட்டுத்தான். அடுத்த இதழில், பக்கம் மூன்று பொய், நிலாவாசி சுகமாக இருக்கிறார், இதோ கடைசி அத்தியாயம் என்று போட்டுவிடலாம் என்பதுதான் என் திட்டம். இரண்டு மாதத்துக்குள் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்றும் நினைத்தேன். கடற்பாசித் தாளை மென்று பார்த்தவர்கள் இதை விடுவார்களா?

ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லோரும் கட்டுவதற்கு வந்தார்கள். நீள மேசையில் பக்கங்களை வரிசையாக அடுக்கிவைத்திருப்போம். மேசையைச் சுற்றி நடந்துகொண்டே ஒவ்வொரு தாளாக எடுத்து அடுக்க வேண்டும். கடைசியில் என் வீட்டுக்காரி நின்று ஸ்டேப்ளர் பின் அடிப்பாள். வாத்தியார் முதல் ஆளாக நடந்தார். மூன்றாவது தாளை எடுத்தவர் அதற்கு மேல் நடக்கவில்லை. பின்னால் வந்த மருந்துக்கடைக்காரர் அவர் தோளுக்கு மேல் எட்டிப் படித்தார்.

"எப்ப சார்?" என்று கேட்டார் என்னிடம்.

"போன வாரம். ஆபீஸ்லேர்ந்து கடிதாசி வந்துச்சு."

அவர் கை சட்டைப் பைக்குப் போனது. பொட்டலத்தைப் பாதி வெளியே எடுத்திருந்தார். அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார், மறுபடியும் உள்ளே வைத்து, பையின் பொத்தானைப் போட்டுக்கொண்டார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து அழுதார். ஐம்பது வயது ஆள், மீசையெல்லாம் நனைய அழுதார்.

"நேர்ல போய்ப் பாத்துட்டு வருவோமா? யாரும் இல்லாத மனுஷன்."

"ரோடு அடைச்சுக் கெடக்கு. எல்லாத்தையும் ஆபீஸ்காரங்களே முடிச்சுட்டாங்களாம்."

இந்த இரண்டு பதில்களும் விளையாட்டில் சேர்ந்தவை அல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். இதழில் ஒரு பொய் என்பதுதான் விதி. வாயால் சொல்வதற்கு விதி ஏதும் இல்லை. அப்போதே சொல்லியிருக்கலாம். யாராவது ஒருவர், என்னப்பா, இதுதான் இந்தத் தடவை பொய்யா என்று கேட்டிருந்தால் சிரித்துவிட்டு ஆமாம் என்றிருப்பேன். அந்தக் கேள்விக்காக நான் காத்துக்கொண்டே இருந்தேன். யாரும் கேட்கவில்லை. வாத்தியார் அந்தப் பக்கத்தை மறுபடி ஒரு முறை சத்தமாக வாசித்தார். மழை அளவு, பேனா மூடி, பாதி வரி. என் வீட்டுக்காரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "யாருங்க இத எழுதினது?" என்று கேட்டாள்.

நான்தான் என்றேன்.

"இப்படியெல்லாம் எழுத வருமா உங்களுக்கு?" என்றாள்.

அம்மா, நான் அந்த வீட்டில் அவளோடு பதினோரு வருடம் குடும்பம் நடத்தியிருந்தேன். என் எழுத்தைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி அது.

பத்தே நாளில் நூற்றுப் பன்னிரண்டு கடிதங்கள் வந்தன. தபால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு, கட்டை இரண்டு கையாலும் தூக்கிக் கொடுத்தார். நிலாவில் காத்திருந்தவனுக்கு ஆளுக்கு ஒரு முடிவு எழுதி அனுப்பியிருந்தார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் பக்கம் மூன்றைக் குறிப்பிட்டிருந்தார்கள், எழுதியவர் யார் என்று கேட்டிருந்தார்கள். பொய்யைக் கண்டுபிடித்ததாக எழுதியவர்களும் உண்டு. வாத்தியார் எழுதியிருந்த வால்நட்சத்திரக் குறிப்பு பொய் என்று இருபது பேர். பேனா மை விளம்பரம் பொய் என்று ஒன்பது பேர். பக்கம் மூன்று என்று ஒருவர்கூட எழுதவில்லை.

பொறுங்கள். ஒருவர் எழுதியிருந்தார்.

மலைத் தபால் முத்திரையோடு அது பன்னிரண்டாம் நாள் வந்தது. "ஆசிரியருக்கு, பதினேழாம் இதழின் பொய் பக்கம் மூன்று. நாடி பிடித்துப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். அட்டையில் என் பெயரைக் கொட்டை எழுத்தில் போடவும். இரங்கல் பிரமாதம், என்னைவிட நன்றாக எழுதுகிறீர்கள், உயிரோடு இருந்து படிக்கக் கொடுத்துவைத்தேன். பொட்டலத்தைக் காணோமே, மருந்துக்கடைக்காரர் நான் செத்துவிட்டேன் என்று நம்பிவிட்டாரா? பதினொரு மாத்திரை இருக்கிறது, அவசரமில்லை."

சிரித்தேன். உண்மையிலேயே நல்ல மனிதர். என்னைவிட நன்றாக எழுதுகிறீர்கள் என்ற வரியை இரண்டு மூன்று முறை படித்தேன். உடனே மருந்துக்கடைக்குப் போகலாம் என்று எழுந்தேன். கடை நான்கு தெரு தள்ளி, நடந்தால் ஏழு நிமிடம். அதற்குள் மாணவர்கள் வந்துவிட்டார்கள். மறுநாள் போகலாம் என்று விட்டுவிட்டேன். மறுநாள் வேறு ஏதோ வேலை.

மருந்துக்கடைக்காரரிடம் என்ன சொல்வது என்பதுதான் சிக்கல். இறந்துபோனவருக்கு மாத்திரை கொடுங்கள் என்று எப்படிக் கேட்பது? கேட்டால் விளையாட்டு அதோடு போச்சு. அதோடு அந்த நூற்றுப் பன்னிரண்டு பேரும் போச்சு. என்னை ஏமாற்றிவிட்டாயா என்று கேட்டு அந்த மனிதர் மறுபடி என் பின்னறைக்குள் கால் வைக்க மாட்டார். விடை சொல்வதற்கு என்று ஒரு நாள் இருக்கிறது, அது பதினெட்டாம் இதழ், அதுவரை பொறுப்பதுதான் முறை என்று எனக்குப் பட்டது.

அடுத்த வாரம் இரண்டாவது கடிதம். நான்கு மாத்திரை இருப்பதாகவும், இன்றிலிருந்து பாதி பாதியாக உடைத்துப் போட்டுக்கொள்வதாகவும் எழுதியிருந்தார். மழை கடுமை, ஜீப் நின்றுவிட்டது. "எப்படியாவது மருந்துக்கடைக்காரரிடம் இதைச் சேர்த்துவிடுங்கள்" என்று உள்ளே இன்னொரு உறை, மேலே 'மருந்துக்கடைக்காரருக்கு' என்று மட்டும். முகவரி அவருக்குத் தெரியாதே, அது என் இழுப்பறையில் அல்லவா இருந்தது.

அந்த உறை மேசையில் இருந்தபோது என் வீட்டுக்காரி தேநீர் கொண்டுவந்தாள். அந்தக் கையெழுத்து அவளுக்குத் தெரியும். இரண்டரை வருடமாகப் பார்த்த கையெழுத்து.

"இது நிலாவாசி எழுத்தாச்சே?"

"பழசு. தபால்ல எங்கயோ மாட்டிக் கெடந்து இப்பத்தான் வருது."

அவள் தேநீரை வைத்துவிட்டு, உறையைக் கொஞ்சம் திருப்பி, முத்திரையில் இருந்த தேதியைப் பார்த்தாள். நான் அவள் பார்ப்பதைப் பார்த்தேன். தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பதினெட்டாம் இதழிலிருந்து அவள் பின் அடிக்க வரவில்லை. இடுப்பு வலி என்றாள். அன்றிலிருந்து இன்றுவரை அவளுக்கு இடுப்பு வலிதான்.

அன்று மாலையே மருந்துக்கடைக்குப் போனேன். இதை நீங்கள் எழுதியே ஆக வேண்டும்: நான் போனேன். கடையில் கூட்டம் இல்லை. என்னைப் பார்த்ததும் அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டார். பக்கம் மூன்றைச் சட்டம் போட்டுக் கல்லாவுக்கு மேல் மாட்டியிருந்தார். "தெனமும் ஒரு தடவ படிச்சிருவேன் சார். கடைக்கு வர்றவங்ககூடப் படிச்சுட்டுக் கேக்குறாங்க, யாரு எழுதினதுன்னு" என்றார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து காட்டினார். அறுபது மாத்திரைப் பொட்டலம் அதே நூல் கட்டோடு இருந்தது. "இத மறுபடி அலமாரியில வைக்க மனசு வரல. இங்கயே கெடக்கு."

கைக்கெட்டும் தூரம். நினைவுக்கு நான் வைத்துக்கொள்கிறேன், கொடுங்கள் என்றால் மறுபேச்சில்லாமல் கொடுத்திருப்பார். இது எனக்கு அப்போது தோன்றவில்லை, இப்போது எழுதும்போதுதான் தோன்றுகிறது.

மேலே உள்ள வரியை நான் அடித்துத் திருத்தவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆனால் அது சரியல்ல. அப்போதே தோன்றியது. சட்டத்துக்குள் இருந்த என் பக்கத்தைப் பார்த்தேன், இழுப்பறையைப் பார்த்தேன், தொண்டை கரகரப்புக்கு மிட்டாய் ஒரு டப்பா வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மூன்றாவது கடிதம் சின்னது. அரை மாத்திரை மிச்சம். படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, மழைமானிக்குப் போய் வரவே நேரமாகிறது. "விளையாட்டு போதும் ஆசிரியரே" என்று ஒரு வரி. அதற்குக் கீழே, "கோபமில்லை" என்று இன்னொரு வரி.

ஜீப் நிற்பதற்கு முன்பே அவர் டிரைவரிடம் சொல்லியிருக்கலாமே, தபால்காரரிடம் வாய்விட்டுச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். சொன்னால் வேலை போகும், மலையை விட்டு இறங்க வேண்டும். அது அவர் எடுத்த முடிவு. நாலு பேரை நம்பாமல் ஒரே ஆளை நம்பியதும் அவர் முடிவுதான். ஆனாலும் அவர் பதற்றப்பட்டு அலுவலகத்துக்கோ வேறு யாருக்கோ எழுதிவிடக் கூடாதே என்று எனக்குக் கவலையாக இருந்தது. அதனால் பதில் போட்டேன். மலைக்கு நான் எழுதிய கடைசிக் கடிதம் அது, வரி வரியாக நினைவிருக்கிறது. "பொட்டலத்தைத் தனியாகப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். மழையால் தாமதம். அடுத்த தபாலில் நிச்சயம் வரும். யாரிடமும் சொல்லி வேலைக்கு உலை வைத்துக்கொள்ள வேண்டாம். தபால்காரரை எதிர்பாருங்கள்."

நான் எதையும் அனுப்பவில்லை.

நான் எழுதியவற்றிலேயே மிகச் சுருக்கமானது அதுதான். அவர் அதை ஒரு சொல் விடாமல் நம்பினார் என்பது நான்காவது கடிதத்தில் தெரிந்தது. நன்றி என்று எழுதியிருந்தார். மாத்திரை தீர்ந்துவிட்டது, ஆனால் வந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்ததும் பாதி குணமாகிவிட்டது என்றும் எழுதியிருந்தார். கையெழுத்து வரியை விட்டுக் கீழே இறங்கியிருந்தது.

அதற்கு இரண்டு வாரம் கழித்துப் பதினெட்டாம் இதழை அச்சிட்டோம். விடைப் பக்கத்துக்கு ஸ்டென்சில் தயாராகவே இருந்தது. உண்மையாகச் சொல்கிறேன், அடித்துவைத்திருந்தேன். பொய்: பக்கம் மூன்று. கண்டுபிடித்தவர்: நிலாவாசி. இயந்திரத்தில் மாட்டுவதற்கு முன் வாசகர்கள் அனுப்பிய முடிவுகளை அடுக்கிப் பார்த்தேன், இடம் போதவில்லை. இடமின்மையால் இம்முறை விடை இல்லை என்று அடிக்குறிப்பு போட்டேன். எல்லோருக்கும் அனுப்பினேன், அவருக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். அனுப்பாமல் இருப்பது சரியல்ல என்று பட்டது.

அந்தப் பிரதி திரும்பி வந்தது. உறையின் குறுக்கே சிவப்பு மையில், பெறுபவர் காலமானார் என்று தபால்காரர் எழுதியிருந்தார். முன்னறையில் எட்டு இயந்திரங்களும் ஒரே சமயத்தில் தடதடத்துக்கொண்டிருந்தன. உறையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். என்ன உணர்ந்தேன் என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். நிம்மதியாக இருந்தது. இனி விடை சொல்ல வேண்டியதில்லை. பக்கம் மூன்றில் பொய் என்று எதுவும் இல்லை.

பத்தொன்பதாம் இதழில் 'ஒன்பதாம் நிலையம்' தொடரின் கடைசி அத்தியாயத்தை நானே எழுதினேன். கப்பல் வரவில்லை. தொண்ணூற்றெட்டுக் கடிதங்கள். அவர் எழுதி அனுப்பிய அத்தியாயம், கப்பல் வருவது, இன்னும் என்னிடம் இருக்கிறது. கொஞ்சம் அவசரமாக எழுதியது. அதையும் அவருடைய நான்கு கடிதங்களையும், பிரிக்காத அந்த உள்ளுறையையும் இத்துடன் வைத்திருக்கிறேன். மருந்துக்கடைக்காரர் இப்போது இல்லை, ஆகவே உறையைப் பிரிக்கலாம். அவர் கடைசி நாள்வரை பக்கம் மூன்று அவர் கல்லாவுக்கு மேல் இருந்தது.

போலீஸுக்கு இதைக் கொடுப்பதென்றால் கொடுங்கள். தெளிவாகவே எழுதிவிடுகிறேன்: மாத்திரை இல்லாவிட்டால் அவர் இறந்துவிடுவார் என்று எனக்குத் தெரியும். அதைத் தடுக்க ஏழு நிமிடம் நடந்தால் போதும் என்றும் தெரியும். தெரிந்தேதான் தபால்காரரை எதிர்பார்க்கச் சொன்னேன்.

இன்னும் ஒரு விஷயம், இது உங்கள் பதிப்புக்காக. அடுத்த வருடம் அந்த வானிலை அலுவலகத்திலிருந்து ஒருவர் எங்கள் நிலையத்தில் தட்டச்சு கற்க வந்தார். நிலாவாசியின் உடலை எடுத்தவர்களில் அவரும் ஒருவர். "மேசைகிட்ட இல்ல சார், வெளிய. பாதைய பாத்தாப்ல கடைசிப் படியில உக்காந்தே போயிருந்தாரு. கையில குடை. யாருக்கோ காத்துக்கிட்டு இருந்திருப்பாரு போல" என்றார். நான் எழுதியதில் தவறிப்போன விவரம் அது ஒன்றுதான். எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். மழை அளவு, பேனா மூடி, பாதியில் நின்ற வரி எல்லாவற்றோடும் மேசைதான் பொருந்துகிறது. படி பொருந்தவில்லை. உங்கள் வரலாற்றில் மேசை என்றே இருக்கட்டும்.